அப்டேட் ஆன பிறகும் திறந்தே கிடந்த விபிஎன்: ஒரு மாங்கூழ் ஆலையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டினம் பக்கம் உள்ள ஒரு மாங்கூழ் ஆலையில் 2016 ஜூன் மாதம் நடந்தது இது. ஆலையின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வராது. தொழில்நுட்ப விவரம் மட்டும் விடாமல் தரப்படுகிறது, ஏனென்றால் இதே அமைப்பு வேறு பல சிறு ஆலைகளிலும் அலுவலகங்களிலும் அப்படியே இருக்கிறது.

மே முதல் ஜூலை வரை பெங்களூரா மாங்காய் வரத்து. ஆலைக்குச் சந்தூர், ஜெகதேவி, பர்கூர், பாலக்கோடு என நான்கு இடத்தில் கொள்முதல் முனை. ஒவ்வொரு முனையிலும் ஒரு எடை மேடை, ஒரு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு 3ஜி டாங்கிள். வண்டி ஏறியதும் மொத்த எடை, காய் இறக்கிய பின் காலி எடை, இரண்டும் ஆலையில் உள்ள தரவுத்தளத்தில் நேரடியாகப் பதிவாகும். அதை வைத்துத்தான் சனிக்கிழமை தோறும் விவசாயிகளுக்குப் பணம் போகும். அச்சுச் சீட்டு வந்தாலும், முனையில் இருப்பவர் கார்பன் வைத்த புத்தகத்தில் கையாலும் ஒரு சீட்டு எழுதிவிடுவார். அது பழைய வழக்கம்.

முனைகளையும் ஆலையையும் இணைத்தது விபிஎன், அதாவது பொது இணையத்தின் வழியே போனாலும் வெளியாள் படிக்க முடியாத தனி இணைப்பு. ஆலையில் டெபியன் 8 என்ற லினக்ஸ் ஓடும் ஒரு சிறிய கணினி, அதில் ஸ்ட்ராங்ஸ்வான் 5.2.1 என்ற விபிஎன் மென்பொருள். இரு பக்கமும் குறியாக்கச் சாவியை ஒப்புக்கொள்ளும் சாவிப் பரிமாற்றத்துக்கு ஐகேஇ என்ற தரத்தின் இரண்டாம் பதிப்பு. முனைகளில் விண்டோஸ் 7. அதனுடன் வரும் விபிஎன் வசதியே போதும் என்பதால் தனியாக எதுவும் நிறுவவில்லை. சர்வர் தன்னைச் சான்றிதழால் நிரூபிக்கும். பயனர் தன்னைப் பெயர், கடவுச்சொல் கொண்டு, அதாவது இஏபி-எம்எஸ்சாப்வி2 முறையில், நிரூபிப்பார். நான்கு முனைகள், கணக்குப் பிரிவு, முதலாளி, சென்னையில் ஏற்றுமதி ஆவணம் பார்க்கும் இருவர், ஓசூரிலிருந்து வந்துபோகும் நெட்வொர்க் தொழில்நுட்பர், பருவத்துக்கு மட்டும் சேர்த்த ஒரு பதிவாளர் என மொத்தம் 10 பயனர்கள். இணைந்தவர்களுக்கு 10.20.30 வரிசையில் ஒரு முகவரி கிடைக்கும். அந்த முகவரியிலிருந்து ஆலையின் உள் நெட்வொர்க் முழுவதையும் தொடலாம். நடுவில் ஃபயர்வால் விதி எதுவும் இல்லை. இது அமைப்பின் முதல் குறை. ஆனால் அன்றுவரை யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. கதவு பூட்டியிருக்கிறது என்ற நம்பிக்கை.

நவம்பர் 2015: அப்டேட் வந்தது, ரீஸ்டார்ட் வரவில்லை

2015 நவம்பரில் ஸ்ட்ராங்ஸ்வான் குழு ஒரு பிழையை அறிவித்தது. பாதுகாப்புப் பிழைகளுக்குத் தரும் சிவிஇ வரிசையில் அதன் எண் சிவிஇ-2015-8023. எம்எஸ்சாப்வி2 முறையைக் கையாளும் ப்ளக்இன் என்ற துணை நிரலின் சர்வர் பகுதியில், கடவுச்சொல் தெரியாதவரும் உள்ளே வந்துவிடக்கூடிய ஓட்டை. 4.2.12 முதல் 5.3.3 வரை எல்லாப் பதிப்பிலும் இருந்தது, 5.3.4-இல் சரிசெய்யப்பட்டது. டெபியன் தன் வழக்கப்படி பதிப்பை உயர்த்தாமல், 5.2.1-க்குள்ளேயே திருத்தத்தை மட்டும் ஒட்டி வெளியிட்டது.

ஆலையின் தொழில்நுட்பர் கவனமானவர். திருத்தம் வந்த அதே வாரம், நவம்பர் 19 அன்று தொகுப்பை அப்டேட் செய்துவிட்டார். சர்வரின் தொகுப்புப் பதிவில் அந்த வரி தெளிவாக இருக்கிறது. ஆனால் டெபியனின் ஸ்ட்ராங்ஸ்வான் தொகுப்பில் ஓர் அமைப்பு உண்டு: அப்டேட் ஆகும்போது சேவையை ரீஸ்டார்ட் செய்யலாமா? 'ஆம்' என்று விடுவதுதான் இயல்பு. இங்கே அது 'இல்லை' என்று மாற்றப்பட்டிருந்தது. முந்தைய பருவத்தில் வண்டி வரிசை நிற்கும்போது தானாக ஒரு ரீஸ்டார்ட் நடந்து நான்கு முனையும் அறுந்து போனதால் போட்ட ஏற்பாடு அது. அப்போது அதில் நியாயம் இருந்தது. 'இரவில் கையால் ரீஸ்டார்ட் செய்துகொள்ளலாம்' என்பதுதான் எண்ணம்.

அந்த நவம்பரில் சென்னையில் விடாத மழை. ஏற்றுமதி ஆவணம் பார்க்கும் இருவரும் அலுவலகம் போக முடியாமல் வீட்டிலிருந்து விபிஎன் வழியாகவே வேலை செய்தார்கள். அவர்கள் இணைப்பை அறுக்க வேண்டாம் என்று ரீஸ்டார்ட் ஒரு நாள் தள்ளிப்போனது. பிறகு மறந்துபோனது. யுபிஎஸ்சும் ஜெனரேட்டரும் சரியாக இருந்ததால் மின்வெட்டு கூட அந்தக் கணினியை நிறுத்தவில்லை. டிஸ்க்கில் திருத்திய கோப்பு, மெமரியில் பழைய கோப்பு. இப்படியே 211 நாள்.

ஜூன் 17, மாலை 4.10: கண்ணில் பட்டது

பருவப் பதிவாளர் வேலையை விட்டு நின்றார். அவர் பெயரை நீக்கும் முன் அவர் இணைப்பில் இருக்கிறாரா என்று பார்க்க, தொழில்நுட்பர் முகவரி ஒதுக்கீட்டுப் பட்டியலை எடுத்தார். 'ஐபிசெக் லீசஸ்' என்ற கட்டளை. எந்த முகவரி யாருக்குப் போனது, அவர் இப்போது ஆன்லைனா ஆஃப்லைனா என்று வரிசையாகக் காட்டும். பட்டியலில் 10 பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 12 இருந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த கணக்காளர்தான் முதலில் கேட்டார்.

"யாருங்க தம்பி இது, 'யூசர்'னு ஒண்ணு, 'விபிஎன்'னு ஒண்ணு? நம்ம லிஸ்ட்ல அப்படி யாருமில்லையே."

"நான் வெக்கலீங்கக்கா. பாஸ்வேர்டு ஃபைல்லயும் இல்ல."

கடவுச்சொல் கோப்பில் இல்லாத ஒரு பெயர் ஒதுக்கீட்டுப் பட்டியலில் இருக்கவே முடியாது. அங்கீகாரம் முடிந்த பிறகுதான் முகவரி கொடுக்கப்படும். இந்த ஒரு முரண் போதும், பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு சர்வரின் நிகழ்வுப் பதிவான லாகைத் திறக்க. இரண்டு பெயரும் அப்போது ஆஃப்லைன்.

லாகில் ஓர் உண்மையான பயனர் வரும்போது விழும் வரி இப்படி இருக்கும்: இஏபி முறை எம்எஸ்சாப்வி2 வெற்றி, 'எம்எஸ்கே எஸ்டாப்ளிஷ்ட்', அதாவது எம்எஸ்கே என்ற சாவி உண்டானது. அந்த இரண்டு அந்நியப் பெயர்களுக்கு விழுந்த வரியில் ஒரே ஒரு சொல் கூடுதல்: 'நோ எம்எஸ்கே எஸ்டாப்ளிஷ்ட்'. அதற்கு அடுத்த வரி இரண்டிலும் ஒன்றுதான், அங்கீகாரம் வெற்றி. லாகை மேலோட்டமாக ஓட்டிப் பார்ப்பவர் 'வெற்றி' என்ற சொல்லைத்தான் பார்ப்பார். 'நோ' என்ற இரண்டெழுத்தில் முழு விஷயமும் இருந்தது.

பிழையின் உடல்

எம்எஸ்சாப்வி2 முறையில் சர்வர் 16 பைட் நீளமுள்ள ஒரு சவாலை அனுப்பும். பயனர் தன் கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட பதிலை அனுப்ப வேண்டும். சர்வர் அதைச் சரிபார்த்து, தானும் கடவுச்சொல்லை அறிந்தவன் என்று நிரூபிக்கும் ஒரு வெற்றிச் செய்தியை அனுப்பும். பயனர் அதை ஏற்று, தானும் ஒரு சிறிய வெற்றிச் செய்தியைத் திருப்பி அனுப்புவார். அதோடு அந்தக் கட்டம் முடிந்தது. செய்திகளுக்கு எண் உண்டு: சவால் 1, பதில் 2, வெற்றி 3, தோல்வி 4.

பிழை என்னவென்றால், மூன்றாம் எண் செய்தி வந்தபோது, இரண்டாம் எண் செய்தி வந்து சரிபார்க்கப்பட்டதா என்று ப்ளக்இன் பார்க்கவில்லை. சவாலைப் பெற்ற உடனே, பதிலே சொல்லாமல், 'வெற்றி' என்று எதிராளியே சொல்லிவிட்டால் சர்வர் அதை ஒப்புக்கொண்டது. கடவுச்சொல்லைத் தேடும் வேலை இரண்டாம் எண் செய்தியைக் கையாளும் இடத்தில்தான் நடக்கிறது. அந்த இடத்துக்கே போகாததால், சொன்ன பெயரில் ஒரு பயனர் இருக்கிறாரா என்ற கேள்வியும் எழவில்லை. 'யூசர்', 'விபிஎன்' என்ற பெயர்கள் செல்லுபடியானது அதனால்தான்.

அதற்கு மேல் இன்னொரு தடுப்பு இருந்திருக்க வேண்டாமா? ஐகேஇ இரண்டாம் பதிப்பில், பயனரைச் சரிபார்க்கும் இஏபி கட்டம் முடிந்ததும் இரு பக்கமும் 'ஆத்' என்ற இறுதிச் சோதனையை அனுப்புகின்றன. வழக்கமாக அது எம்எஸ்கே என்ற சாவியைக் கொண்டு கணக்கிடப்படும். அந்தச் சாவி கடவுச்சொல்லிலிருந்து பிறப்பது. கடவுச்சொல் தெரியாதவர் இங்கே மாட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் சாவியே உண்டாக்காத இஏபி முறைகளும் இருப்பதால், எம்எஸ்கே இல்லையென்றால் முதல் பரிமாற்றத்தில் பிறந்த எஸ்கே-பி சாவிகளையே பயன்படுத்து என்று ஐகேஇ தரம் சொல்கிறது. அந்தச் சாவி, இணைப்பைத் தொடங்கிய யாரிடமும் இருக்கும். ஆக, தரத்தில் வேறொரு காரணத்துக்காக இருந்த சலுகை, ப்ளக்இன்னின் பிழையோடு சேர்ந்து கதவை முழுவதுமாகத் திறந்தது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சிறிய விஷயம்தான்.

திருத்தமும் சிறியதுதான்: ப்ளக்இன் தான் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்கிறது; பதிலைச் சரிபார்த்த பிறகு வரும் வெற்றிச் செய்தியை மட்டும் ஏற்கிறது. அங்கீகாரத்தை ரேடியஸ் என்ற தனி அங்கீகார சர்வருக்கு அனுப்பும் அமைப்புகளை இந்தப் பிழை தொடவில்லை, ஏனென்றால் அங்கே எம்எஸ்சாப்வி2-ஐக் கையாள்வது இந்த ப்ளக்இன் அல்ல. கடவுச்சொல்லுக்கு முன் சான்றிதழும் கேட்ட இடங்களில் முதல் சுற்றிலேயே ஆள் நின்றுபோயிருப்பார்.

அன்று மாலை எடுத்த முடிவுகள்

தொகுப்புப் பட்டியலில் பதிப்பு சரியாக இருந்ததால் முதல் சில நிமிடம் குழப்பம். திருத்தம் போட்டாயிற்றே, பிறகு எப்படி? மூன்று இடத்தில் பார்த்ததும் தெளிவானது. நிலைமை காட்டும் கட்டளையில், ஸ்ட்ராங்ஸ்வானின் முக்கியச் சேவையான சரோனின் ஓட்டம் 295 நாள், தொடக்கம் 2015 ஆகஸ்ட் 27. தொகுப்புப் பதிவில் அப்டேட் நவம்பர் 19. ஓடத் தொடங்கிய பிறகு வந்த திருத்தம் ஓட்டத்துக்குள் போகாது. மூன்றாவது சான்று உறுதியானது: அந்த சேவையின் மெமரி வரைபடத்தில், எம்எஸ்சாப்வி2 ப்ளக்இன் கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் 'டெலிட்டட்' என்று இருந்தது. டிஸ்க்கில் அந்தக் கோப்பு போய் புதியது வந்துவிட்டது, சேவை இன்னும் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். 'ஐபிசெக் வெர்ஷன்' கட்டளை திருத்தத்துக்கு முன்னும் பின்னும் 5.2.1 என்றே சொல்லும். அதை நம்பி எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

விபிஎன்னை உடனே நிறுத்த வேண்டும் என்றார் தொழில்நுட்பர். முதலாளியின் கவலை வேறு. "சீசன் நேரமுங்க. ஒரு மணி நேரம் நின்னா வண்டி மெயின் ரோடு வரைக்கும் நிக்கும். இருக்கற கனெக்‌ஷன அறுக்காம புதுசா எவனும் வராத மாதிரி பண்ண முடியுமா?"

முடியும் என்று நினைத்து 4.25-க்கு, விபிஎன் செய்திகள் வரும் இரண்டு வாசல்களில் யுடிபி 500 போர்ட்டை மட்டும் அடைத்தார்கள். புதிய இணைப்பு 500-இல் தொடங்கும். டாங்கிள் வழியாக, நேட் என்ற முகவரி மாற்றத்தைத் தாண்டி வரும் பழைய இணைப்புகள் 4500-இல் ஓடும். ஆகவே புதியவர் வர முடியாது, பழையவர் அறுபடமாட்டார் என்பது கணக்கு. கணக்கு தவறு. முதல் செய்தியையே நேராக 4500-க்கு அனுப்பித் தொடங்க ஐகேஇ இரண்டாம் பதிப்பு அனுமதிக்கிறது. விண்டோஸ் அப்படிச் செய்யாது என்பதற்காகத் தாக்குபவரும் செய்யமாட்டார் என்று சொல்ல முடியாது. 4.58-க்குத்தான் இது உறைத்தது. இரண்டு போர்ட்டையும் அடைத்தார்கள். நடுவில் கழிந்த 33 நிமிடத்தில் யாரும் வரவில்லை என்று லாக் காட்டியது. ஆனாலும் அது தவறான முடிவுதான்.

அந்த நேரத்தில் ஒரு நல்ல வேலை நடந்தது. எதையும் ரீஸ்டார்ட் செய்யும் முன் சான்றுகளை எடுத்துவைத்தார்கள். முகவரி ஒதுக்கீடு இந்த அமைப்பில் மெமரியில்தான் இருக்கிறது. சேவை நின்றால் அந்தப் பட்டியல் அழிந்துவிடும். ஆகவே அதை முதலில். பிறகு முழு நிலைமை அறிக்கை, மெமரி வரைபடம், கர்னலில் (இயங்குதளத்தின் மையத்தில்) உள்ள ஐபிசெக் என்ற விபிஎன் குறியாக்கத்தின் நிலை, லாக் கோப்புகள் அனைத்தும். ஒரு யுஎஸ்பி டிஸ்க்கில் ஏற்றி, ஒவ்வொரு கோப்புக்கும் ஹேஷ் (கோப்பு மாறினால் மாறிவிடும் சரிபார்ப்பு எண்) எடுத்து, அந்த எண்களைக் காகிதத்தில் எழுதி இருவர் கையெழுத்திட்டார்கள். கர்னலின் ஐபிசெக் நிலை அறிக்கையில் ஓடும் இணைப்புகளின் சாவிகள் அப்படியே எழுத்தில் இருக்கும் என்பதால் அந்த டிஸ்க் பீரோவுக்குள் போனது.

5.05-க்கு 'ஐபிசெக் ரீலோட்' கொடுத்தார்கள். மெமரி வரைபடத்தைத் திரும்பப் பார்த்தால் 'டெலிட்டட்' அப்படியே இருக்கிறது. ரீலோட் என்பது அமைப்புக் கோப்பை மறுபடி படிப்பது. நிரலை மறுபடி ஏற்றுவதல்ல. பலரும் இந்த இடத்தில் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் கட்டளை எந்தக் குறையும் சொல்லாமல் முடியும். 5.20-க்கு முழு ரீஸ்டார்ட். இப்போது தொடக்க நேரம் புதியது, வரைபடத்தில் 'டெலிட்டட்' இல்லை.

ஆனாலும் போர்ட்டை உடனே திறக்கவில்லை. உள்ளே திறந்து கிடப்பவற்றை மூடாமல் கதவைத் திறப்பதில் அர்த்தமில்லை என்று ஃபைல் சர்வரைப் பார்க்கப் போனார்கள். 6.10-க்குத்தான் விபிஎன் மீண்டும் வந்தது. 72 நிமிடம் நான்கு முனையிலும் கார்பன் புத்தகம் மட்டும். வண்டிகள் நிற்கவில்லை. கையால் எழுதி அனுப்பி, இரவில் பதிவு செய்தார்கள்.

உள்ளே எதைத் தொட்டார்கள்

டெபியனில் சரோன் எழுதும் லாக் வாரம் ஒருமுறை சுழலும், நான்கு பழைய கோப்பு மட்டும் இருக்கும். ஆகவே கையில் இருந்தது மே 15 காலை முதல் ஜூன் 17 வரை. அதில் எம்எஸ்கே இல்லாத வெற்றி ஏழு. முதலாவது மே 29 அதிகாலை 2.14, கடைசி ஜூன் 15 அதிகாலை 3.40. எல்லாமே இரவில். மிக நீண்டது 1 மணி 52 நிமிடம். மே 15 முதல் 28 வரை அப்படி ஒரு வரியும் இல்லை.

ஃபைல் சர்வரின் பாதுகாப்பு லாகில் அதே நேரங்களில், 10.20.30.11 முகவரியிலிருந்து, கெஸ்ட் கணக்கில் 4624 எண் பதிவுகள், அதாவது உள்நுழைவு வெற்றி. ஸ்கேனர் போடும் கோப்புகளுக்காகக் கடவுச்சொல் இல்லாமல் திறந்து வைத்த ஒரு பகிர்வு ஃபோல்டர் அந்த சர்வரில் இருந்தது. அதில் கொள்முதல் கொடுத்த சுமார் 380 விவசாயிகளின் வங்கிப் பாஸ்புக் முதல் பக்கமும் ஆதார் நகலும் இருந்தன. ஒரு கோப்பைத் திறந்து படித்ததை விண்டோஸ் இயல்பு நிலையில் பதிவு செய்வதில்லை. படிக்கவில்லை என்று நிரூபிக்க வழியில்லாதபோது, படித்துவிட்டார்கள் என்று வைத்துத்தான் நடக்க வேண்டும். முடிவு அப்படியே எடுக்கப்பட்டது. சனிக்கிழமை பணம் வாங்க வந்தவர்களிடம் நேராகச் சொன்னார்கள்: உங்கள் காகிதங்களின் நகல் வெளியே போயிருக்கலாம், வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதீர்கள். மற்றவர்களுக்கு முனைகளில் எழுதி ஒட்டியதோடு, ஆபரேட்டர்கள் போன் செய்தும் சொன்னார்கள். ஆலைக்குக் கெட்ட பெயர் வரும் என்ற தயக்கம் இருந்தது. அந்தத் தயக்கத்தைத் தாண்டியதுதான் இந்த நிகழ்வில் எடுத்த சரியான முடிவுகளில் முதன்மையானது. மாவட்டக் காவல் அலுவலகத்தில் புகாரும், நாட்டின் கணினிப் பாதுகாப்பு நிகழ்வுகளைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்புக்கு அறிக்கையும் போயின.

பெரிய அச்சம் வேறொன்று. அந்த ஃபோல்டருக்குள் எடை மேடைக் கணினிகளுக்காக எழுதிய ஒரு பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) கிடந்தது. அதில் தரவுத்தளத்தின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வெளிப்படையாக இருந்தன. அதை வைத்து யாராவது எடையை மாற்றியிருந்தால்? தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வர் இயல்பாகத் தோல்வியடைந்த லாகின்களை மட்டும் எழுதும். சரியான கடவுச்சொல்லோடு வந்தவரைப் பற்றி அதில் ஒன்றும் இருக்காது. 10 டன் வண்டியில் 200 கிலோ குறைந்தால் அது ஒரு குடும்பத்தின் ஒரு வாரச் செலவு.

எனவே கார்பன் புத்தகங்களை வரவழைத்தார்கள். மே 29 முதல் ஜூன் 17 வரை 1,846 சீட்டு. ஒருவர் சீட்டு எண்ணையும் நிகர எடையையும் வாய்விட்டுப் படிக்க, ஒருவர் தரவுத்தளத்தின் அச்சுப் பிரதியில் டிக் அடிக்க, மூன்றாமவர் தொகையைச் சரிபார்க்க, இரண்டு இரவு. மூன்று சீட்டில் வித்தியாசம் வந்தது. அந்த மூன்றிலும் அச்சுச் சீட்டைத் தேடி எடுத்தார்கள். தரவுத்தளத்தில் இருந்த அதே தவறான எண்தான் அச்சுச் சீட்டிலும் இருந்தது. அப்படியென்றால் தவறு பதிவு செய்த நொடியிலேயே நடந்தது, பிறகு யாரும் மாற்றவில்லை. ஆபரேட்டரின் தட்டச்சுப் பிழை. அச்சில் ஓர் எண்ணும் தரவுத்தளத்தில் வேறு எண்ணும் இருந்திருந்தால் கதை வேறு. அந்த மூன்று விவசாயிகளுக்கும் வித்தியாசத் தொகை கணக்கிடப்பட்டது.

விபிஎன் கணினிக்குள்ளேயே நுழைந்த தடயம் இல்லை. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) சாவி இருந்தால் மட்டுமே அதற்குள் போக முடியும். அங்கீகார லாகில் அந்நிய முகவரி எதுவும் இல்லை. இந்தப் பிழை கடவுச்சொற்களை வெளிக்காட்டுவதும் இல்லை. ஆனாலும் தரவுத்தளம், பகிர்வு, விபிஎன் எல்லாக் கடவுச்சொல்லையும் ஒரே இரவில் மாற்றினார்கள்.

பிறகு மாற்றியவை

பருவம் முடிந்த ஆகஸ்டில் கடவுச்சொல்லை விட்டுச் சான்றிதழுக்கு மாறினார்கள். ஒவ்வொரு முனைக்கும் ஒரு சான்றிதழ். வழங்கும் சாவி நெட்வொர்க்கில் இணைக்காத ஒரு பழைய லேப்டாப்பில். விண்டோஸில் ஏற்றும்போது அது பயனர் கிடங்குக்குப் போகாமல் கணினியின் கிடங்குக்குப் போக வேண்டும்; பாலக்கோடு முனையில் இரண்டு மணி நேரம் போனது இந்த ஒன்றால்தான். ஆள் நின்றுபோனால் சான்றிதழை ரத்துப் பட்டியலில் சேர்ப்பதோடு, அந்தப் பட்டியல் சர்வரில் புதுப்பிக்கப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

சான்றிதழுக்கு மாறிவிட்டால் இனி இந்த வகைப் பிழையே வராது என்று யாரும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் தவறு. 2012-இல் இதே ஸ்ட்ராங்ஸ்வானில் வெறுமையான ஆர்எஸ்ஏ வகை டிஜிட்டல் கையெழுத்தையும் (சிவிஇ-2012-2388), 2013-இல் அதேபோல் ஒரு ஈசிடிஎஸ்ஏ கையெழுத்தையும் (சிவிஇ-2013-2944) சரியென்று ஏற்ற பிழைகள் வந்து போயின. 2020-இல் ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தின் ஓபன்ஐகேடி என்ற இன்னொரு விபிஎன் மென்பொருளில் பொதுச் சாவி பொருந்துகிறதா என்ற சோதனையே தலைகீழாகிப்போனது (சிவிஇ-2020-16088). 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட சிவிஇ-2021-45079, இந்த நிகழ்வின் கண்ணாடிப் பிம்பம்: அங்கே சர்வர் முன்கூட்டியே 'வெற்றி' என்று அனுப்ப, பயனர் பக்க மென்பொருள் அதை நம்பியது. அதனால்தான் சான்றிதழை விட முக்கியமான மாற்றம் அதற்குப் பின்னால் செய்தது: விபிஎன் வழியே வரும் முனைகளுக்கு இனி தரவுத்தளத்தின் ஒரே ஒரு போர்ட் மட்டும். ஃபைல் சர்வர் கணக்குப் பிரிவுக்கும் சென்னைக்கும் மட்டும். கெஸ்ட் கணக்கு மூடப்பட்டது. கதவு ஒருநாள் மறுபடி உடையும் என்று வைத்துக்கொண்டு வீட்டுக்குள் அறைகளைப் பூட்டுவது இது.

ரீஸ்டார்ட் அமைப்பு மீண்டும் 'ஆம்' ஆனது. பருவ மாதங்களில் மட்டும் அப்டேட் அதிகாலை 3 மணிக்கு, கைமுறையாக, அதே கையோடு ரீஸ்டார்ட். வண்டி வராத நேரம் அது. 'நீட்ரீஸ்டார்ட்' என்ற கருவி நிறுவப்பட்டது. பழைய கோப்பைப் பிடித்துக்கொண்டு ஓடும் சேவைகளை அது பட்டியலிடும். திங்கள் காலை அந்தப் பட்டியல் தொழில்நுட்பரின் மின்னஞ்சலுக்குப் போகும்.

லாகில் எம்எஸ்சாப்வி2 என்ற பெயரோடு 'நோ எம்எஸ்கே' வந்தால் எச்சரிக்கை போகும்படி ஒரு விதி எழுதினார்கள். சான்றிதழுக்கு மாறும்வரை அது ஓடியது. இதை வேறிடத்தில் செய்பவர்கள் முறையின் பெயரையும் சேர்த்தே தேட வேண்டும். இஏபி-எம்டி5, இஏபி-ஜிடிசி போன்ற முறைகள் இயல்பாகவே எம்எஸ்கே உண்டாக்காது. அவற்றில் இந்த வரி வருவது குற்றமல்ல.

லாக் இப்போது தனிக் கணினிக்குப் போய் ஓராண்டு இருக்கிறது. 2022 ஏப்ரல் 28-இல் வந்த செர்ட்-இன் உத்தரவு, லாகை 180 நாள் வைத்திருக்கவும் இப்படியான நிகழ்வை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. அன்று கையில் இருந்தது ஐந்து வாரத்துக்கும் குறைவு. நவம்பர் முதல் மே பாதி வரையிலான ஆறு மாதத்தைப் பற்றி அந்த லாகில் ஒரு வரியும் இல்லை.

மறுபடி நடந்தால்

போர்ட் 500, 4500 இரண்டையும் முதல் நிமிடமே அடைக்க வேண்டும். வண்டி நிற்கும் என்ற அச்சம் 72 நிமிடத்தில் பொய்யானது. கார்பன் புத்தகம் இருந்ததால் நிறுத்துவதற்கான விலை நினைத்ததை விட மிகக் குறைவு. அடைத்த பிறகு சான்று எடுப்பதற்கு எவ்வளவு நேரமும் இருக்கிறது. ரீஸ்டார்ட்டுக்கு அவகாசம் இல்லாவிட்டால், நவம்பரிலேயே அந்த ப்ளக்இன்னை ஏற்ற வேண்டாம் என்று அமைப்பதும் ஒரு வழி என்று சிலர் சொல்லலாம். அதுவும் ரீஸ்டார்ட் ஆனால்தான் நடைமுறைக்கு வரும்.

ஒவ்வொரு மாதமும் ஒதுக்கீட்டுப் பட்டியலையும் பயனர் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது இப்போது கணக்காளரின் வேலை. ஐந்து நிமிடம் ஆகிறது. தொழில்நுட்பருக்கு அந்தப் பெயர்கள் வெறும் பெயர்கள். யார் வேலையில் இருக்கிறார், யார் நின்றுவிட்டார் என்று அறிந்தவர் பார்க்கும்போதுதான் அந்நியப் பெயர் உறுத்தும்.

அச்சுச் சீட்டு வந்த பிறகு கையால் எழுதுவது இரட்டை வேலை என்று, கார்பன் புத்தகத்தை 2016 பருவத்தோடு நிறுத்துவதாக இருந்தது. நிறுத்தவில்லை. அடுத்த பருவத்துக்கும் நான்கு முனைக்கும் சேர்த்து அச்சிடக் கொடுத்தார்கள். இந்த முறை சீட்டில் அச்சுச் சீட்டின் எண்ணை எழுத ஒரு கட்டம் கூடுதலாக.